விமானியின் இருக்கையில் நீலத் துணி

மாமா வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது எனக்கு ஒரு விமானம் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தால் விமானத்தைக் காணோம். சட்டம் சட்டமாக வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள்தான் கிடந்தன. ஏமாற்றிவிட்டார் என்று ஓவென்று அழுதேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. காரைக்குடியில் எங்கள் தெருவின் முதல் வாயாடி நான்தான் என்பதால், அழுகை நாலு வீட்டுக்குக் கேட்டது. அடக்கடவுளே, இதை ஒட்டினால்தானடி ப்ளேன் என்று மாமா என்னைச் சமாதானப்படுத்துவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் போனவர், ஐந்து வருடமாக அங்கே ஒரு விமான நிலையத்தில் வேலை பார்த்தார். என்ன வேலை என்று யார் கேட்டாலும் “ப்ளேன்லதான்” என்பார். அதற்கு மேல் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அந்த ஒற்றைச் சொல்லை அம்மா ஊதிப் பெரிதாக்கி, கல்யாணத் தரகரிடம் ‘ஏரோப்ளேன் எஞ்சினியர்’ என்று சொல்லிவைத்திருந்தாள். மாமாவுக்கு முப்பத்தொன்று ஆகியிருந்தது. மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இந்த லீவிலாவது ஒரு பெண் அமைந்துவிட வேண்டுமே என்று அம்மா கும்பிடாத சாமி இல்லை.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. என் கவலை விமானம். நான்கே நாளில் ஒட்டி முடித்துவிட்டோம். ஒரு முழத்துக்கும் மேல் நீளமாக, ஜம்மென்று வந்துவிட்டது. முன்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். வெறும் பொந்து. பைலட் எங்குட்டு உக்காருவாரு என்று கேட்டேன். பெட்டியில் அதற்கென்று எதுவும் கொடுக்கவில்லை என்றார் மாமா. பைலட் நின்றுகொண்டே ஓட்டுவாரா என்று நான் பிடித்துக்கொண்டேன். விடுவேனா? கடைசியில் மாமா பிளேடை எடுத்து மூக்கின் மேல்பக்கத்தை அறுத்து, தூக்கிப் பார்த்துவிட்டு மூடுகிற மாதிரி மூடி ஆக்கினார். உள்ளே ஒரு தீப்பெட்டி அளவுக்கு இடம் கிடைத்தது.

அந்தத் தீப்பெட்டிக்குள்தான் காக்பிட். மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை அறுத்து இரண்டு இருக்கைகள், மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளில் டி.வி. மாதிரிக் குட்டித் திரைகள், குண்டூசித் தலைகளில் கைப்பிடிகள். படம் எதையும் பார்க்காமலே செய்தார். இடதுபக்கம் இத்தனை, வலதுபக்கம் இத்தனை என்று அவர் கைக்கே தெரிந்திருந்தது. என் மாமா எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெயிண்ட் பாட்டிலை விமானத்தில் ஏற்றவிட மாட்டார்களாம். அதனால் விமானத்துக்கு அடிக்க வேண்டிய பெயிண்டை பஜாரில் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினோம். கறுப்பும் வெள்ளையும் கலந்து, ஒரு சொட்டு நீலம் விட்டால்தான் காக்பிட்டின் சாம்பல் நிறம் வரும் என்றார். வேலையைப் பிரித்துக்கொண்டோம்: பெயிண்ட் அடிப்பது நான், வழிந்ததைத் துடைப்பது மாமா. ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில், பெரிய பைலட்டின் இருக்கை ஜோராக இருக்கட்டும் என்று அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷை அதில் பூசிவிட்டேன். பிளாஸ்டிக் இளகி, இருக்கை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. மாமா அடிக்கவில்லை, வையவும் இல்லை. ஊசியால் நிமிர்த்தி, சுரண்டி, சாம்பல் நிறத்தைப் பூசினார். ஆனாலும் ஒரு கோணல் நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் பளபளவென்று முடிந்த பிறகு மாமா ஒரு காரியம் செய்தார். கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து, காக்பிட்டை அழுக்காக்கத் தொடங்கினார்! கால் வைக்கும் இடத்தில் செருப்புத் தேய்த்த தடம். கைப்பிடிகளில் பெயிண்ட் உதிர்ந்த வெளுப்பு. ஊசிமுனையால் ஒரு காபிக் கோப்பை வைத்த வட்டம். இருக்கை இடுக்கில் பிஸ்கட் தூள். கண்ணாடிக்குக் கீழே ஒரு மூலையில் மட்டும் கோடு மாதிரித் தூசி.

“ஐயையோ, ஏன் மாமா அழுக்காக்குறீக?”

“நாள் முச்சூடும் ஆளுக உக்காந்து எந்திரிக்கிற எடம் ஆத்தா. இப்பிடித்தான் கெடக்கும். இந்த மூலைக்கி மட்டும் எப்பிடி வளைச்சாலும் கை போகாது.”

யாருடைய கை என்று நான் கேட்கவில்லை. என் விமானம் பாழாய்ப்போன ஆத்திரத்தில் அன்று சாப்பிடவும் இல்லை.

பக்கத்து ஊர் கல்லலில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரில் புறப்பட்டோம். விமானத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னது அம்மாதான். என் தம்பி கைவேலையைப் பார்த்தாலே எஞ்சினியர் என்று தெரிந்துவிடும், பேச்சே தேவையில்லை என்பது அவள் திட்டம். விமானம் என் மடியில் இருந்தது. வழியெல்லாம் மாமா கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்:

“அக்கா, உள்ளதச் சொல்லிருவம்க்கா.”

“வாயப் பொத்திக்கிட்டு வாடா. இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்.”

நான் விமானத்தின் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். நெயில் பாலிஷ் விஷயத்தைத்தான் சொல்லப்போகிறார்!

பெண் வீட்டில் கேசரியும் காபியும் ஆனதும், விமானம் கை மாறி மாறிப் போனது. பெண்ணின் அப்பா மூடியைத் தூக்கிப் பார்த்து, எஞ்சினியருன்னா எஞ்சினியருதான் என்றார். அம்மா பூரித்துப்போனாள். மாமா தரையைப் பார்த்தார். பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் பேசட்டும் என்று பின்பக்கத் தாழ்வாரத்துக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான் போனேன், விமானத்தோடு.

அந்தப் பெண் ஒரு ஆஸ்பத்திரி லேபில் மைக்ரோஸ்கோப் பார்க்கிறவர். தையல் மெஷின் மேல் விமானத்தை வைத்து, மூடியைத் தூக்கி, வெகுநேரம் குனிந்து பார்த்தார். அந்தக் கோணல் இருக்கையைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விரல் இருக்கைக்குப் போகவில்லை. மூலையில் இருந்த தூசிக் கோட்டுக்குப் போனது.

“இந்த மூலையில தூசி இருக்குறது பிளேன் ஓட்டுறவுகளுக்குக்கூடத் தெரியாதே. ரிப்பேர் பாக்குறவுகளுக்கும் தெரியாது. நீங்க எப்பிடிப் பாத்தீக?”

மாமா மறுபடியும் கர்ச்சீப்பை எடுத்தார். வாசல் பக்கம் அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா ஒருமுறை அங்கே பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“நான் எஞ்சினியர் இல்லைங்க. பிளேன் வந்து நின்னதும் உள்ள ஏறித் துடைக்கிறவன். துடைக்கிறதுதான் என் வேல.”

எனக்குப் பாவமாகிவிட்டது. மாமா ஏன் தன்னை இவ்வளவு குறைத்துச் சொல்லிக்கொள்ள வேண்டும்? “இல்ல, மாமாவும் பெயிண்ட் அடிச்சாக” என்று குறுக்கே பாய்ந்தேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொல்லையில் ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மறுபடியும் காக்பிட்டுக்குள் பார்த்தார்.

“தொடைக்கிற துணி என்ன கலரு?”

மாமா “நீலம்” என்றார்.

அந்தப் பெண் தையல் மெஷின் டிராயரைத் திறந்தார். ஜாக்கெட் தைத்த மிச்சத் துணிகளைக் கிளறி, நீலத்தில் ஒன்றை எடுத்து, நகத்தளவு வெட்டி, நாலாக மடித்து, பெரிய பைலட்டின் இருக்கையில் வைத்தார். மூடியை மூடினார். “எங்க அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க இனி யாருகிட்டயும் மறைக்காதீக” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! விமானி உட்காருகிற இடத்தில் துடைக்கிற துணியா? காரில் ஏறியதும் மூடியைத் திறந்து துணியை எடுத்து வெளியே எறியப்போனேன். மாமா சட்டென்று என் கையைப் பிடித்து, அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கல்லலிலிருந்து போன் வந்தது. பெண்ணின் அப்பா பேசினார். அம்மா முதலில் “மன்னிச்சுக்கிருங்க, மன்னிச்சுக்கிருங்க” என்று பலமுறை சொல்லி, கடைசியில் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். சம்மதமாம். மாமா பசையை எடுத்துவந்து, அந்த நீலத் துணியை விமானியின் இருக்கையிலேயே ஒட்டத் தொடங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பொண்ணுக்கு ப்ளேனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, வேறு பெண் பார்க்கலாம் மாமா என்று நியாயமாக எடுத்துச் சொன்னேன். மாமா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பசை கண்ணில் பட்டுவிட்டது என்று பதறி, நான் தண்ணீர் எடுத்துவர ஓடினேன்.