மூவரும் பார்த்து ‘காலி’ சொல்லணும்

சினிமாவுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடுவது, பொருளை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வயிற்றில் நெருப்போடு நிற்கிற தொழில். காரையோ கேமராவையோ வாடகைக்கு விட்டு நிற்கும் என் சக பாவிகளுக்கு இது புரியும்.

என்னிடம் இருப்பது உலகப்போர் காலத்துக் கார்பைன், குட்டை ரகத் துப்பாக்கி. போடுவது குண்டில்லாத வெற்றுத் தோட்டாதான். ஆனாலும் கிட்டத்தில் வெடித்தால் அந்த நெருப்பு கண்ணைப் பறித்துவிடும். ஒன்று வெடித்ததும் அடுத்தது தானாகவே குழலின் அடியில் இருக்கும் சேம்பருக்குள் ஏறிவிடும். ஷாட் முடிந்ததும் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்தால் அந்தத் தோட்டா வெளியே வந்து விழ வேண்டும். என் கிழத் துப்பாக்கியில் அதை இழுத்து எடுக்கும் கொக்கி தேய்ந்துவிட்டதால் சில சமயம் உள்ளேயே தங்கிவிடும். அதனால் நான், பிடிப்பவர், எதிரே நிற்பவர் மூவரும் உள்ளே பார்த்து ‘காலி’ சொல்ல வேண்டும். இது என் சட்டம்.

படூர் மொட்டை மாடி

புது ஹீரோ. ஷாட் முடிந்ததும் மேகசினை என் பக்கம் வீசிவிட்டு, துப்பாக்கி முனையைத் தாடையில் ஊன்றி செல்ஃபி எடுக்க ஆரம்பித்தார். பாய்ந்து பிடுங்கி, போல்ட்டை இழுத்தேன். ஒரு தோட்டா துள்ளி விழுந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டுக் கேட்டார்: “அதான் மேகசினக் கழட்டியாச்சே, அப்புறம் இது எங்கேர்ந்துண்ணே வந்துச்சு?”

செங்கல்பட்டு ரைஸ் மில்

இரண்டு வெடி என்றார்கள், எண்ணி இரண்டு போட்டுக் கொடுத்தேன். வெடித்த பிறகு கழற்றினால் மேகசினில் இன்னும் மூன்று. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் என் பெட்டியைத் திறந்து நிரப்பியது உதவி இயக்குநர். மூன்றையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் கேட்டார்: “ஹீரோ ரெண்டே ரெண்டு சுட்டா ஜனங்க ஒத்துக்குவாங்களா சார்?”

மாமல்லபுரம், விடியற்காலை

கடல் மணல் எல்லா இடுக்கிலும் புகுந்திருந்தது. துடைத்து, ஒவ்வொருவராக அழைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். டைரக்டர் என்னைப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்தார். “நீ ஊருக்கெல்லாம் காட்டி முடிக்கறதுக்குள்ள சூரியன் உச்சிக்கு வந்துடும்யா.”

கடப்பாக்கம் கோட்டை

அந்த ஊரில் மீன் விற்கும் செல்வி, கூட்டத்தில் நிற்க வந்தவள். ஹீரோ முதலில் வானத்தைப் பார்த்துச் சுட்டார். அடுத்த ஷாட்டில் வெடி இல்லை, அவள் நெற்றியில் முனையை வைத்து மிரட்ட வேண்டும். மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, ‘காலி’ என்று நீட்டினேன். ஹீரோ செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே ‘காலி’ என்றார். பார்க்காமல் என்னய்யா காலி என்று அவரிடம் எகிறிக்கொண்டிருந்தேன்.

செல்வி ‘காலி’ சொல்லவில்லை. துப்பாக்கியை வெயில் பக்கம் சாய்க்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன், சட்டென்று முனையைத் தரைப்பக்கம் திருப்பினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: “செவுளத் தூக்கிப் பாக்காம எங்கிட்ட மீனே வாங்க மாட்டாங்க. நீ இன்னா அண்ணாத்த, உள்ளாற ஒண்ண வச்சிகினு காலின்ற?”

ஒருத்தனும் உள்ளே பார்ப்பதில்லை என்று இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் அன்றைக்கு உள்ளே பார்க்கவில்லை.