பாதிச் சவரம்

என் பேரனின் சலூன் கடை மூலையில் பழைய மர நாற்காலி ஒன்று கிடக்கிறது. தலை சாய்க்க ஒரு கட்டை, அதை ஏற்றி இறக்க ஒரு திருகு. "இதைத் தூக்கிப் போட்றலாம் ஆத்தா" என்று அவன் சொல்லும்போதெல்லாம் நான் கத்துவேன். அதைச் சேலத்து ஆசாரி ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தவன் என் அண்ணன். அவன் கத்தி பிடித்தால் மடியில் தூங்குகிற குழந்தைகூட முழிக்காது, அப்படியொரு கை.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போய்த்தான் சவரம் செய்ய வேண்டும். அதுவும் வாசல் பக்கம் போகக்கூடாது. பொடக்காணியில், அதுதான் கொல்லைப்புறத்தில், கல்லில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் குந்திக்கொண்டு செய்ய வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளையும் "டேய்" என்றுதான் கூப்பிடும். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "இனி எவன் பொடக்காணிக்கும் போகப்போறதில்லை அம்மிணி. அவங்க நம்மகிட்ட வரட்டும். நம்ம நாற்காலியில உக்காரட்டும்" என்பான். பையன்கள் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொள்ள ஆரம்பித்த சமயம் அது. அவன் நினைத்தது நடந்திருக்கும். ஆனால் கத்தியை அடக்கத் தெரிந்தவனுக்குக் கண்ணை அடக்கத் தெரியவில்லையே! தம்மம்பட்டியில் போட்ட கடை ஒரு பூக்காரியால் போயிற்று. மல்லசமுத்திரத்தில் போட்டது ஒரு வாத்தியார் சம்சாரத்தால் போயிற்று. கேட்டால் சிரிப்பான். "நானா போறேன்? அவங்களா பாக்கறாங்க." வெட்கங்கெட்டவன்! ஆனால் அவன் சிரித்தால் என் கோபமும் கரைந்துவிடும்.

மூன்றாவதாகச் சங்ககிரிக் கடைவீதியில் ஒரு கடை அமைந்தது. புருஷன் செத்துக் கைக்குழந்தையோடு வந்த நானும் அந்தக் கடையின் பின்னறையில்தான் இருந்தேன், வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டு. இடம் கடலைக்காய் மண்டிக்காரருடையது. எங்கள் நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்று ஊர் தயங்கியபோது முதலில் வந்து உட்கார்ந்தவரும் அவர்தான். "பெரிய மனுசரே உக்காந்துட்டாரு" என்று மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். அண்ணனை அவர் "வாப்பா, போப்பா" என்றுதான் கூப்பிட்டார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

அவர் வீட்டுக் கடைக்குட்டிக்கு முடி வெட்டிவிட ஒருநாள் போனான். அப்புறம் முடி வளராத நாளிலும் போனான். அவன் தலைக்கு வாசனை எண்ணெய் ஏறியதைப் பார்த்ததுமே அந்த வீட்டு அம்மாளின் நினைவுதான் எனக்கு வந்தது. "அண்ணா, இந்த ஊரையாவது உட்டு வை. எனக்கும் எம்புள்ளைக்கும் போக்கிடம் இல்லை" என்று அழுதேன். மாரியம்மன்மேல் சத்தியம் செய்தான். சத்தியம் அவனுக்குச் சர்க்கரைப் பொங்கல்.

ஒரு சந்தை நாள். பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். மண்டிக்காரர் வந்தார். நேரே நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் சோப்பு போட்டான். வலது கன்னம் முடிந்தது. கத்தி இடது பக்கம் தாடைக்குக் கீழே இறங்கியபோது, மூடிய கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "எஞ்சம்சாரம் எல்லாத்தையும் சொல்லிப்போட்டா."

அவ்வளவுதான். வெந்நீர்ச் செம்போடு சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன் நான். இரண்டு பேரில் யார் உயிருக்குப் பயந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணனின் கை நடுங்கியது. வெள்ளை நுரையில் மெல்லிசாகச் சிவப்பு இறங்கியது.

அவர் கண்ணைத் திறந்தார். "நீதானா?" என்றார். எழுந்தார். ஒரு கன்னம் மழுமழுவென்று, ஒரு கன்னம் ரத்தமும் நுரையுமாக, துடைக்காமலே வாசலுக்குப் போய்த் திரும்பினார். "மீதிய நாளைக்கு எங்க பொடக்காணியில வந்து செரைடா." அந்தக் கோலத்திலேயே சந்தைக் கூட்டத்துக்குள் நடந்து போனார். ஊருக்கு வேறு தண்டோரா வேண்டியிருக்கவில்லை. பெஞ்சு காலியானது.

அந்த அம்மாள் எதையுமே சொல்லியிருக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சொன்னது என் அண்ணன் கை. அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ரயிலேறிப் போயிரு அண்ணா" என்று காலைப் பிடித்தேன். "நான் ஓடுனா உன்னைய உட மாட்டாங்க அம்மிணி" என்றான். வாழ்நாளில் ஒரு பெண்ணுக்காக அவன் சரியாகச் செய்தது அது ஒன்றுதான், பாவி. மறுநாள் காலையில் மண்டிக்காரர் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தடியோடு ஆட்கள் நின்றார்கள். அண்ணன் குந்தி உட்கார்ந்து மீதிக் கன்னத்தை மழித்தான். கை நடுங்கவில்லை. மண்டிக்காரர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். யாரும் அவனை அடிக்கவில்லை. "இனி தெனம் வா" என்றார். அடித்திருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும்.

கடைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நாற்காலியை நாங்கள் இரண்டு பேருமாகத் தூக்கி வந்தோம். சாகிற வரைக்கும் அண்ணன் அந்தப் பொடக்காணிக்குப் போய் வந்தான். ஒரு பெண்ணையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆள் திருந்திவிட்டான் என்றது ஊர். திருந்தவுமில்லை, ஒன்றுமில்லை. குனிந்தே கிடந்து கழுத்து அப்படியே பழகிவிட்டது.

போன வாரம் அந்த மண்டிக்காரரின் பேரன் எங்கள் கடைக்கு வந்தான். புது நாற்காலிகளில் எல்லாம் ஆள் இருந்தது. மூலையில் கிடந்ததை அவனே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். "கொஞ்சம் சீக்கிரங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். என் பேரன் சோப்பு போட்டான். சோறு கொடுக்க வந்த நான், இரண்டு கன்னமும் முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.