ஒட்டி வைத்த வைத்தியம்

எங்கள் மகள் குறைப்பிரசவத்தில் பிறந்தவள். முதல் வருடம் முழுவதும் அவள் சாப்பிட்டதைவிட அவள் சாப்பாட்டைப் பற்றி நான் படித்ததுதான் அதிகம். பதினொன்றாம் வகுப்பு வரை ஒழுங்காகப் படித்தவள் நான். எந்தச் சங்கடத்துக்கும் அச்சில் எங்காவது ஒரு விடை இருக்கும் என்று நம்பினேன். அந்த விடையைக் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொண்டால் பிள்ளை தேறிவிடுவாள் என்றும் நம்பினேன். முதல் நம்பிக்கை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இரண்டாவது போன கதையைத்தான் எழுதுகிறேன்.

அப்போது பாலக்கோட்டில் ஐந்து வீடுகள் ஒட்டினாற்போல் இருந்த ஒரு வரிசையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. ஐந்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கினோம். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. முதல் வீட்டில் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டரின் மனைவி. அவரை நான் அக்கா என்பேன். தொடர்கதை என்றால் அவருக்கு உயிர், அதனால் பத்திரிகை முதலில் அவரிடம் போகும். என் பக்கத்து வீட்டில் பாயம்மா. அவர் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டி செய்து விற்பவர். பாயம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. படங்களைப் பார்த்துவிட்டு, யாரையாவது பிடித்து உட்காரவைத்துக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்.

"எனக்குக் கடைசியில குடுத்தாப் போதும், ஒண்ணும் அவசரமில்ல" என்று நான் முதல் வாரமே சொல்லிவிட்டேன். என் பெருந்தன்மையை எல்லோரும் மெச்சினார்கள். கடைசியாக வாங்குகிறவள்தான் வெட்டலாம் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

டாக்டர் பதில்கள், தாய்மார் பகுதி, வீட்டுக் குறிப்பு, எல்லாவற்றையும் வெட்டினேன். மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து, ஒரு நீளமான நோட்டில் ஒட்டினேன். சளி, பேதி, பல் முளைத்தல், பசியின்மை என்று சிவப்பு மையில் தலைப்புப் போட்டேன். அதோடு நின்றிருந்தால் தாயின் கவலை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆறு மாதத்தில் கவலை போய்ச் சேகரிப்பு மட்டும் நின்றது. இரட்டைக் குழந்தைகளை ஒரே நேரத்தில் தூங்கவைப்பது எப்படி என்பதை வெட்டி ஒட்டினேன். எனக்கு இருந்தது ஒன்று. தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலுதவி என்பதை ஒட்டினேன். எங்கள் பக்கத்து ஏரியில் ஒருவர் மூழ்க வேண்டுமென்றால் முதலில் படுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் துண்டு எதுவும் கிடைக்காவிட்டால் ஏதோ தொலைத்தவள் போல வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன்.

அழகிலும் குறை வைக்கவில்லை. ஓரம் நேராக இருக்க வேண்டும். அடியில் 'தொடர்ச்சி இத்தனையாம் பக்கம்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி வரும். துண்டின் அழகைக் கெடுத்தது என்று அந்த வரியை ஸ்கேல் வைத்து நறுக்கி எறிந்துவிடுவேன்.

தொடர்ச்சியை ஏன் வெட்டவில்லை என்று கேட்கலாம். அதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். முதல் வீட்டு அக்காவும் ஒரு சேகரிப்பாளர். தொடர்கதைப் பக்கங்களை வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் தருமபுரிக்குக் கொடுத்தனுப்பி பைண்டு செய்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். நான் வெட்டி முடித்த பத்திரிகை அவரிடம்தான் திரும்பிப் போகும். ஆரம்பத்தில் நான் பார்க்காமல் வெட்டியதில் அவர் கதையில் ஒன்பது ஜன்னல்கள் விழுந்துவிட்டன.

"ஏம்மா, கதாநாயகி கடுதாசியப் பிரிக்கிறா. பிரிச்சா உள்ள ஒரு ஓட்டை. அந்தப் பக்கம் எங்க வூட்டுச் செவுரு தெரியுது. நான் என்னாத்தப் படிக்கிறது?" என்று சண்டைக்கு வந்தார்.

தொடர்கதை இருக்கும் தாளில் நான் கைவைக்கக் கூடாது என்று பாயம்மா நடுவில் இருந்து தீர்த்துவைத்தார். வைத்தியக் கட்டுரைகளின் வால் அநேகமாகத் தொடர்கதை முடியும் பக்கத்தில், அடியில்தான் வரும். அந்த வால்களெல்லாம் ஒப்பந்தப்படி அக்காவின் தொடர்கதைக் கட்டுக்குள் சேர்ந்தன. தலைகள் என் நோட்டில் இருந்தன. வால் இருந்ததே எனக்கு மறந்துபோனது.

இதற்குள் நோட்டுக்குப் பெயர் பரவிவிட்டது. "அக்கா, பிள்ளைக்குக் காது வலிக்குதாம், உங்க நோட்டுல என்னா போட்டிருக்குது?" என்று இரண்டாம் வீட்டுப் பெண் வந்து கேட்பாள். நான் பக்கத்தைப் புரட்டி, டாக்டரைப் போலத் தொண்டையைச் செருமிவிட்டு வாசிப்பேன். என் வீட்டுக்காரர் மட்டும், "எங்க ஆபீசுல ஒரு ஃபைலும் இவ்வளவு ஒழுங்கா இல்ல" என்பார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் பாப்பா சாப்பிடவில்லை. நோட்டு பருத்தது, அவள் பருக்கவில்லை. தக்காளி மண்டியில் காலை ஏலம் முடிந்த பிறகு தராசு சும்மா இருக்கும். வாரம் ஒருமுறை ஒரு கூடையில் துணி விரித்து அவளை உட்காரவைத்து எடை பார்ப்பேன். மண்டிக்காரருக்கு அது ஒரு வேடிக்கை. பதின்மூன்றாம் மாதத்தில் ஒருநாள், "போன வாரத்துக்கு இந்த வாரம் கால் கிலோ கொறைச்சலுங்க. வெயில்ல வாடிப்போச்சாட்டம் இருக்குது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்தப் பெண் எனக்குத் தங்க மாட்டாள் என்று பிறந்த நாளிலிருந்து வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த பயம், அந்தத் தராசைப் பார்த்ததும் மறுபடி எழுந்தது.

வீட்டுக்கு வந்து பசியின்மை என்ற தலைப்பைத் திறந்தேன். பதினான்கு துண்டுகள். அதில் மிக அழகாக ஒட்டியிருந்தது, வயிற்றைச் சுத்தம் செய்தால் பசி தானாக எடுக்கும் என்றது. விளக்கெண்ணெய் இரண்டு ஸ்பூன், காலையில், வெறும் வயிற்றில். என் வீட்டுக்காரர் முகாம் வேலையாக அரூர்ப் பக்கம் போயிருந்தார். கேட்க ஆளில்லை. அச்சில் இருக்கும்போது கேட்பானேன் என்று மறுநாள் காலை ஊற்றிவிட்டேன்.

பத்து மணிக்குள் ஆறு தடவை. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. பாப்பா முதலில் அழுதாள், பிறகு அழவில்லை. கண் உள்ளே போய்விட்டது. நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பேதி என்ற தலைப்பைப் புரட்டினேன். தண்ணீர் நிறையக் கொடு என்றது ஒன்று. தண்ணீரே காட்டாதே என்றது அடுத்தது. மோர் கொடு. மோர் ஆகாது. நான்தான் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியவள். வரிசை அழகாக இருந்ததைப் பார்த்தேனே தவிர, ஒன்றோடு ஒன்று சண்டை போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பாயம்மா உப்புக் கேட்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னாம்மா இது, பாப்பா கண்ணு இப்பிடி இருக்குது?"

"இருங்க பாயம்மா, ஒரே நிமிஷம். இதுல ஒண்ணு போட்டிருந்தது..."

"அத தூர வைய்யி. இப்ப வந்து புஸ்தகம் படிக்கிறயே!" என்று பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்ளக்கூட நிற்கவில்லை. நான் வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். பாதி வழியில்தான் என் கையைப் பார்த்தேன். மாற்றுத்துணி எடுக்கவில்லை, பால் புகட்டும் பாலாடை எடுக்கவில்லை. நோட்டை எடுத்து வந்திருந்தேன்.

டாக்டரம்மா பாப்பாவின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "என்ன கொடுத்தீங்க?"

நான் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

"ரெண்டு ஸ்பூனா? இது எத்தனை வயசுக்கு?"

"அது போடலீங்க டாக்டர்."

"போடாம இருக்காதே." அவர் தாளைத் திருப்பினார். அந்தப் பக்கம் இரட்டைக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் திட்டவில்லை. நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவரச் சொன்னார். "நிறுத்தாம ஸ்பூன்ல விட்டுட்டே இருங்க. ஒண்ணுக்குப் போனாச் சொல்லுங்க. அது வரைக்கும் எங்கேயும் போகக் கூடாது."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். பாயம்மா மடியில் பாப்பா, என் கையில் டம்ளர். ஒரு ஸ்பூன் உள்ளே போகும், பாதி வெளியே வரும். மறுபடி ஒன்று. வெயில் வராந்தாவின் ஓரத்திலிருந்து எங்கள் கால் வரை வந்தது. யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை, எல்லோரும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டம்ளர் மூன்று முறை நிறைந்து காலியானது. பாயம்மா உருதுவில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று பாப்பாவைத் தூக்கி மடியைப் பார்த்தார்.

"நனைச்சிட்டா! அல்லாவே, நனைச்சிட்டா! பாரும்மா, பொடவ பூரா!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். ஈரமான அந்தப் புடவையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். மருந்துக்கு நின்றிருந்தவர்கள் வேறு ஏதோ நடந்துவிட்டதென்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

மாலையில் நாங்கள் வீடு திரும்பிய பிறகு, விஷயம் கேள்விப்பட்டு முதல் வீட்டு அக்கா தன் தொடர்கதைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. கதை முடியும் ஒரு பக்கத்தின் அடியைக் காட்டினார். மேலே சொன்ன அளவு ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, கைக்குழந்தைகளுக்குப் பேதி மருந்தே கொடுக்கக் கூடாது என்று இருந்தது.

"நாந்தான் இந்தத் தாளத் தொடக்கூடாதுன்னு சொன்னவ. எனக்கு மனசே ஆறல. இந்தாங்க, உங்க மிச்சமெல்லாம் இதுலதான் இருக்குது. வெட்டிக்குங்க. கதை ஓட்டையாப் போனாப் போவுது."

வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை தூளியில் கிழிந்த துணி போலக் கிடக்கிறாள். எனக்கு வந்த முதல் நினைப்பு, கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்பது. வால்கள் கிடைத்துவிட்டால் நோட்டு முழுமையாகிவிடும். தவறு துண்டில் இல்லை, துண்டு போதாததில்தான் இருக்கிறது என்று மனம் எவ்வளவு சுறுசுறுப்பாகக் கணக்குப் போட்டது!

இரண்டு நாள் தலையையும் வாலையும் பொருத்திப் பார்த்தேன். ஏழாவது வால் காதுவலிக் குறிப்பினுடையது. சீழ் இருந்தால் எண்ணெய் விடவே கூடாது என்றது. இரண்டாம் வீட்டுப் பெண்ணிடம் காய்ச்சின எண்ணெய் விடச் சொன்னவள் நான். அப்படியே ஓடினேன்.

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எண்ணெயா? நான் ஊத்தவே இல்லீங்கக்கா" என்றாள்.

"ஊத்தலியா? தலைய ஆட்டினியே!"

"நீங்க அவ்வளவு ஆசையாப் படிச்சுச் சொல்றீங்க, மூஞ்சியில அடிச்சாப்பல இருக்குமேன்னு ஆட்டுவேன். வூட்டுக்கு வந்து எங்க மாமியா சொல்றதத்தான் செய்வேன். நாலாவது வூட்டுலயும் அப்பிடித்தானுங்க."

ஒரு வருட வைத்தியத்தில் நான் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஆள் நான்தான் என்று தெரிந்தது. அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினேன், அவ்வளவு நிம்மதி.

அக்காவின் கட்டை ஒரு தாள்கூடக் குறையாமல் திருப்பிக் கொடுத்தேன். கூடவே என் நோட்டையும் கொடுத்தேன்.

"இது எனக்கு என்னாத்துக்குங்க?"

"உங்க கதையோட ஒம்பது ஜன்னலும் இதுலதான் ஒட்டியிருக்குது. நனைச்சு உரிச்சா வரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் என் வீட்டில் கூடினார்கள். அகலமான அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி என் தாள்களை ஒவ்வொன்றாக ஊறவைத்தோம். உரிக்கும்போது சளி இரண்டாகக் கிழிந்தது. பல் முளைத்தலில் மை ஊறிவிட்டது. ஒவ்வொரு கிழிசலுக்கும் எனக்கு உள்ளே எங்கோ வலித்தது, அடுத்த தாளைத் தண்ணீரில் விட்டேன். கதாநாயகியின் கடுதாசியில் என்ன எழுதியிருந்தது என்பதை அக்கா கண்டுபிடித்து வாசித்ததும், "இதுக்கா அந்தப் பொண்ணு அவ்வளவு அழுதுச்சு?" என்றார் பாயம்மா. "நான்கூட யாரோ செத்துட்டாங்கன்னு இல்ல நெனச்சேன்!"

சிரிப்பில் பாப்பாவைக் கவனிக்கவில்லை. தவழ்ந்து தட்டருகே வந்து, தாளிலிருந்து வழிந்த மைதாப் பசையில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி விட்டாள், மறுபடி நக்கினாள். பதினான்கு துண்டுகளுக்கும் வாயைத் திறக்காத பெண்!

இது குழந்தைக்கு ஆகுமா என்று எழுந்து பார்க்கப் போனேன். பார்ப்பதற்கு நோட்டு இல்லை. அவளைத் தூக்கிக் கையைக் கழுவிவிட்டு, பசைக்காக அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே, சட்டியில் இருந்த சோற்றைக் குழைய மசித்து உப்புப் போட்டு வாயில் வைத்தேன். துப்பினாள். இன்னொரு வாய் வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள்.