ஒப்புக்குச் சப்பாணியின் வால்

என் மகள் படிக்கும் பள்ளியின் விளையாட்டு டீச்சருக்கு விசில் டீச்சர் என்றுதான் பெயர். பருத்த உடம்பு, பத்தடி ஓடினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இவங்களா பிள்ளைங்களை ஓட வைக்கப்போறாங்க?" என்று கேலி பேசியவர்களில் முதல் ஆள் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்றைக்கு வேறு யாராவது அவரை அப்படிச் சொன்னால், அந்த நீள வாயால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

என் மகளுக்குப் பிறவியிலேயே இடது கால் சற்றுக் குட்டை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோதே, அவளை யாரும் துரத்தக் கூடாது என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளும் சொன்ன பேச்சுக் கேட்டார்கள். எந்த ஆட்டமானாலும் அவள் ஒப்புக்குச் சப்பாணி. கூட நிற்கலாம், அவளைப் பிடிக்க மாட்டார்கள், அவள் பிடித்தாலும் செல்லாது. அந்தச் சொல் அவளுக்கு இன்னொரு விதமாகவும் பொருந்தியதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், "டீச்சர் என் வாலைப் புடுங்கிட்டாங்கம்மா" என்றாள்.

வால் என்றால் பழைய திரைச்சீலையில் கிழித்த துணிப்பட்டை. ஆளுக்கொன்று இடுப்பில் சொருகிக்கொள்வார்கள். துரத்துகிறவர் அதை உருவினால் அவுட். வெளியே போய்ப் பத்து முறை கைதட்டிவிட்டு மறுபடி உள்ளே வரலாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாள் மருந்துக் கடை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே மைதானத்துக்குப் போனேன்.

"நான் எழுதிக் குடுத்தது மறந்துபோச்சா டீச்சர்?"

"மறக்கலைம்மா. அதனாலதான் ஆட்டத்தையே மாத்தினேன்" என்று தரையைக் காட்டினார். நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்குச் சுண்ணாம்புக் கட்டம். "இதுக்குள்ள யாரும் ஓடக் கூடாது, நடந்துதான் பிடிக்கணும். அப்படியும் ஒருத்தரும் அவ வாலைத் தொடலை. பக்கத்துல வந்து, பார்த்துட்டு, தாண்டிப் போறாங்க. அதான் நானே உருவிட்டேன்."

"அழுதாளா?"

"முறைச்சா. அப்புறம் திரும்பி வந்து என் வாலை உருவிட்டா."

அப்போதுதான் பார்த்தேன், டீச்சரின் இடுப்பிலும் பூப்போட்ட பட்டை ஒன்று தொங்கியது. சண்டைக்கு வந்தவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

டீச்சர் விசில் ஊதினார். பிள்ளைகள் வாத்துக் கூட்டம் போல வேகுவேகென்று நடந்தார்கள். ஒரு ஒல்லிப் பையன் என் மகளின் வாலை உருவினான்.

"செல்லாது, நீ ஓடி வந்தே" என்றாள் அவள்.

"நடந்துதான் வந்தேன்."

"ஓடினே. நான் பார்த்தேன்."

"ஏய், அழுகுணி ஆட்டம் ஆடாத."

ஒப்புக்குச் சப்பாணியை யாரும் அப்படித் திட்ட மாட்டார்கள். இரண்டு வருடமாக என் மகளோடு ஒரு பிள்ளைகூடச் சண்டை போட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதையும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லா இருப்பீங்க டீச்சர். அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

"நீங்களே கிழிங்கம்மா" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, பஞ்சாயத்துக்குப் போனார்.

தீர்ப்பு அவுட். என் மகள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்து கைதட்டினாள். எட்டிலேயே நிறுத்திவிட்டு நைசாக உள்ளே நுழைந்தாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். காட்டிக்கொடுக்கவில்லை.