புகைக் கண்ணாடியில் எண்ணிய கோடுகள்

1965 ஜூலை 8, வியாழக்கிழமை, காலை பத்து இருபது. வானத்தில் ஒரு முகில் துண்டுகூட இல்லை. சோளகக் காற்று ஓமந்தையில் எங்கள் பாடசாலை முற்றத்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

நான் அங்கே விஞ்ஞானம் படிப்பித்தேன். லேசர் என்ற புது ஒளியைப் பற்றி ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் நான்கு தரம் வாசித்திருந்தேன். சாதாரண விளக்கில் ஒவ்வொரு மூலக்கூறும் தன்பாட்டுக்கு ஒளிவிடுகிறது. லேசரில் எல்லாம், கரைவலை இழுப்பவர்களைப் போல, ஒரே தாளத்தில் விடுகின்றன. தாளம் ஒத்த இரண்டு ஒளிகள் சந்தித்தால் வெளிச்சமும் இருளுமாகக் கோடுகள் விழும். லேசர் எங்கள் பாடசாலைக்கு வரப்போவதில்லை. கோடுகளையாவது காட்டலாம் என்று ஒரு கண்ணாடித் துண்டில் விளக்குப் புகை பிடித்து, சவர அலகால் ஐந்து சோடிக் கீறல்கள் போட்டேன். வெயிலில் மினுங்கும் தையல் ஊசி ஒன்றை அதனூடாகப் பார்க்க வேண்டும். ஊசியின் ஒளி ஒரு சோடிக் கீறலால் இரண்டாகப் பிரிந்து வந்து மறுபடி சந்திக்கும்.

ஊசி தந்தவர் தையல் ஆசிரியை.

"மாஸ்டர், உங்கட மூலக்கூறுகள் ஒழுங்கா வரிசையில நிக்குமோ? என்ர வகுப்புப் பிள்ளையளே நிக்குதுகள் இல்லை."

"முதல்ல நீங்களே பாருங்கோ, டீச்சர்."

ஐம்பத்தைந்தாம் ஆண்டுக் கிரகணத்தை நாங்கள் எல்லோரும் புகைக் கண்ணாடியால்தான் பார்த்தோம். அதன்பின் புகை பிடித்த கண்ணாடி என்றால் சூரியனைப் பார்ப்பதற்கு என்றே எங்களுக்குப் பழகிவிட்டது. ஊசியைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல மறந்து, நான் குறிப்புப் புத்தகத்தில் குனிந்திருந்தேன்.

"கோடு தெரியுதோ?"

"ஓம், ஓரத்தில நிறமும் இருக்கு."

"எத்தனை? எண்ணிச் சொல்லுங்கோ."

"நாலு... பொறுங்கோ, ஆடுது."

"வடிவா எண்ணுங்கோ."

"ஏழு."

ஏழு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவர் முகம் சூரியனை நோக்கியிருந்தது; கீறல்களில் புகை இல்லை.

பின்னேரம் அவருடைய வலது கண்ணின் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. "ரெண்டு நாளில போயிடும். நீங்கள் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்றார். போகவில்லை. யாழ்ப்பாணத்துக் கண் டொக்டர் மூன்று தரமும் இனி அது மாறாது என்றுதான் சொன்னார்.

பாடசாலை அதிபர் விசாரித்தபோது, ஊசியைப் பார்க்கும்படி முதலிலேயே சொன்னதாக நான் சொன்னேன். ஆசிரியை பக்கத்தில்தான் நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் வகுப்புக்குப் போய்விட்டார். அவருடைய கவனக்குறைவு என்று எழுதப்பட்டது. அடுத்த தவணை தையல் வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, முதலாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அதன்பின் அவர் என்னோடு கதைத்ததில்லை.

பஸ், டொக்டர், மூக்குக்கண்ணாடி எல்லாமாக அவருக்காக என் கைக்காசில் போனது தொண்ணூற்றாறு ரூபாய் நாற்பது சதம்.