உள்ளங்கை நிம்மதி, நாற்பது உருப்படி

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்கிறவனுக்கு முதல் தொல்லை, "எங்கே, காட்டுங்க பாப்போம்" என்று கேட்பவர்தான். நான் விற்கப் போனது நிம்மதி. பையைத் தூக்கிக்கொண்டு படியேறிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே ஜாதி.

பொருள் இதுதான்: கூழாங்கல் போல ஒரு சின்னக் கருவி. உள்ளங்கையில் வைத்து மூடினால் மெல்ல அதிர்ந்து எழும், பிறகு அடங்கும். எழும்போது மூச்சை இழுக்க வேண்டும், அடங்கும்போது விட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மனசின் படபடப்பு குறையும். இதைக் கண்டுபிடித்த இன்ஜினியர் ராகவ் சார், பாகங்களை இணைத்துக் கருவியாக்கும் ஸ்டெல்லா, விற்கப் புறப்பட்ட நான். பெங்களூர் பொம்மசந்திராவில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் மூன்றே பேர். பதினெட்டு வருஷம் பார்த்த வாட்டர் ஃபில்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். "விடாதே" என்று என் மனைவி தமிழில் ஒரு தடவையும் கன்னடத்தில் ஒரு தடவையும் சொல்லிப் பார்த்தாள்.

நாற்பது கருவி செய்தோம். முப்பத்தொன்பதை ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லி ஜனங்களிடம் கொடுப்பது, மிச்சம் ஒன்றை ஊரெல்லாம் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் கொள்முதல் மேடத்திடம் காட்டுவது என்று திட்டம். மேடம் சரி என்றால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் ஷெட்டைக் காலி செய்துவிடுவதாக ராகவ் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஸ்பூன் ஆடிய வீடு

முதல் கருவியை அத்திபெலேயில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரிடம் கொண்டுபோனேன். இலை விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியான தெரு. கண்ணை மூடச் சொல்லி, கையில் வைத்து, பட்டனை அழுத்தினேன். மிக்ஸி ஓடுவது போல உறுமியது. டீப்பாயில் இருந்த ஸ்பூன்கள் கலகலவென்று ஆடின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஷெட்டில் இதே கருவி பூனைக்குட்டி மாதிரி இருந்ததே?

விஷயம் பிறகுதான் விளங்கியது. பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின். நாள் முழுக்க எங்கள் தரையும் மேஜையும் நாங்களும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தோம், ஆடுவது தெரியாமலே. அந்த ஆட்டத்துக்கு மேல் கையில் உணரும்படி ஸ்டெல்லா ஒவ்வொரு கருவியின் வேகத்தையும் கூட்டி வைத்திருந்தாள். வாத்தியார் கோபப்படவில்லை. கருவியைக் கைக்குட்டையில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு இருந்தது வெறும் படபடப்புதான் தம்பி. நீங்க கை நடுக்கத்தையும் சேர்த்துக் குடுக்கறீங்க. ஒண்ணு போதும்பா."

பிரஸ் மெஷினுக்கு லீவு

ஞாயிற்றுக்கிழமை பிரஸ் ஓடாது. ஸ்டெல்லா சர்ச் முடிந்து நீலசந்திராவிலிருந்து நேராக வந்துவிட்டாள். நாற்பதையும் பிரித்து மறுபடி வேகம் வைத்தோம். வேகம் சரியா என்று பார்க்க ஆளுக்கொன்றைக் கையில் பிடித்து உட்கார்ந்தோம். வெளியே பெங்களூருக்கே உரிய பொடித் தூறல். தகரக் கூரையில் அது விழும் சத்தம் கேட்டது. எழும், அடங்கும். எழும், அடங்கும். ராகவ் சாரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் எங்கோ ஒரு ஏரியில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன். நீச்சல் தெரியாதவன் நான், ஆனாலும் பயமில்லை.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று யாரும் பார்க்கவில்லை. ஜனங்களிடம் கொடுத்துச் சோதிக்கவே வேண்டாம், இந்த மூன்று பேரே சாட்சி, கருவி வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஸ்டெல்லா மட்டும் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏழு வருஷமா இதே ரோட்ல ஒவ்வொரு கம்பெனியா வேலை பாத்துட்டேன் சார். இங்க குருவி கத்தும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

திட்டாத ஆட்டோ

சரிசெய்த கருவிகளை முப்பத்தொன்பது பேரிடம் கொடுத்தோம். மாதம் முடிந்ததும் அவற்றைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். நீலசந்திராவில் கன்னியம்மா என்ற ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் அம்மாவிடம் ஒன்று இருந்தது. சூப்பர்வைசர் போன் செய்தாலே அவருக்கு நெஞ்சு அடைக்கும். "என்கிட்ட இல்லியே, தம்பி எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். தம்பி முருகேசன் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் தேடிப் பிடித்தேன். சட்டைப் பையைக் கையால் மூடியபடிதான் பேசினார்.

வண்டி ஓட்டும்போது பிடிக்கக் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறோமே என்றேன். "ஓட்டினாத்தானே சார்? சில்க் போர்டு டிராபிக்ல முக்கால் மணி நேரம் நின்னுட்டிருந்தேன், ஒருத்தனையும் திட்டல. வூட்ல போய்ச் சொன்னா, உடம்பு கிடம்பு சரியில்லியான்னு நெத்தியத் தொட்டுப் பாக்கறாங்க."

மேடம் ஜன்னலைப் பார்த்தார்

மேடத்தின் மேஜையில் மூன்று போன். மூன்றும் மாறி மாறி அடித்தன. "ஐந்து நிமிஷம்தான்" என்றபடி கருவியைக் கையில் வாங்கினார். ராகவ் சார் விளக்க வாயைத் திறந்தார். நான் அவர் முழங்காலை அழுத்தினேன். மேடத்தின் தோள் கொஞ்சம் இறங்கியது. கண் ஜன்னலுக்குப் போனது. அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், இலையெல்லாம் ஈரம். முதல் போன் அடித்து ஓய்ந்தது. இரண்டாவதும் ஓய்ந்தது. அவர் எடுக்கவே இல்லை. ஐந்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வீட்டில் எந்த மொழியில் முதலில் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

மேடம் திரும்பி எங்களைப் பார்த்தார். அத்தனை அன்பாக யாரும் என்னை நிராகரித்ததில்லை. "தும்ப சென்னாகிதே சார், ரொம்ப நல்லா இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா மனசு அரிச்சாத்தானே ஜனங்க கடைக்குள்ள வந்து நாலு பொருள் எடுப்பாங்க? இதக் கையில புடிச்சவங்க ஒண்ணும் வாங்காம வீட்டுக்குப் போயிடுவாங்க. எங்க கடைக்கு ஆகாது. இது மட்டும் இங்கயே இருக்கட்டும்."

கொடுத்ததில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்பதால் இன்றைய நிலவரம், பெங்களூரில் நாற்பது பேர் நிம்மதியாக இருக்கிறார்கள், மூன்று பேர் வேலை தேடிக்கொண்டிருக்கிறோம்.