சரோஜா அக்கா வாய் திறந்த தைப்பூசம்

முருகன் அருளால் இதை எழுதுகிறேன். போன தை மாதம் என் படிப்பு கையை விட்டுப் போக இருந்தது.

ஸ்கூடாய் என்ற ஊரில் தங்கி, பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். கடைசி ஆண்டு ஆய்வுக்கு, கெலாங் பாத்தா பக்கம் மூடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். தோட்டம் விற்கப்பட்டபோது அங்கிருந்த மக்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் தலைப்பு. புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அவர்களே சொன்னால்தான் உண்டு.

யாரும் சொல்லவில்லை. "பழசக் கெளறி என்னமா ஆவப் போவுது? சரோஜா பேசட்டும், அப்பறம் நாங்க பேசறோம்" என்றார்கள். அன்று மக்களுக்காக நிர்வாகத்திடம் போய் நின்றவர் சரோஜா அக்கா. இப்போது செனாயில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறார். போனில் கேட்டதும் வரச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குப் போனால் அக்கா சிரித்தார், தேநீர் கொடுத்தார், பேசவில்லை. அவர் மகன்தான் சொன்னார்: "அம்மா பால்குடத்துக்கு நேந்துகிட்டாங்க. எங்க அக்காவுக்குக் கொழந்த நல்லபடியா பொறந்துச்சுல்ல. நேத்திலேருந்து தைப்பூசம் வரைக்கும் மௌன வெரதம்."

தமிழ்ப் பெண்ணாகப் பிறந்து, தை மாதத்தில் பேட்டிக்கு நாள் குறித்த புத்திசாலி நான். தைப்பூசத்துக்கு மறுநாள் காலை ஒலிப்பதிவுகளைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் தலைப்பு ரத்து என்று விரிவுரையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவின் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "போதும் லா, நிறுத்திட்டு வந்துரும்மா. ஏர்போட்ல வேல பாத்துத் தரேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாசமாகச் சொன்னார். அதுதான் வலித்தது.

கோவிலுக்குப் போனேன். என்ன கேட்பது? அவனுக்காக இருக்கும் விரதத்தை அவனிடமே போய்க் கலைக்கச் சொல்வதா? வாய் வரவில்லை. "முருகா, எனக்குக் கேட்கக்கூடத் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

தைப்பூசத்தன்று வேறு வழி தெரியாமல், பால்குடம் சுமந்த அக்காவோடு கோவிலுக்கு நடந்தேன். வெயிலில் அவர் கால்கள் தள்ளாடின. கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டேன். இன்று இவர் எங்கே பேசப் போகிறார், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று எனக்கே தோன்றியது. ஆய்வு போனது போனதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பால் அபிஷேகம் முடிந்தது. அக்கா "முருகா" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பந்தலுக்குப் போனார். அந்தப் பழைய தோட்டத்து ஆட்கள் வருடா வருடம் ஒன்றுகூடிப் போடும் பந்தல் அது. எனக்கு அது தெரியாது. மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, கரகரத்த குரலில் சொன்னார்:

"இந்தப் பொண்ணு நம்ம கதையத்தான் படிக்கிது. எல்லாரும் பேசுங்க. நான் மொதல்ல பேசறேன்."

பேசினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார். சிலர் அழுதார்கள். போனை நீட்டிப் பிடித்து எல்லாவற்றையும் பதிவு செய்தேன். மறுநாள் அந்தக் குரல்களைக் கேட்ட விரிவுரையாளர், தொடர்ந்து எழுதச் சொல்லிவிட்டார்.

முருகனுக்குக் கோடி நன்றி. முன்பெல்லாம் இது வேண்டும் அது வேண்டும் என்று பட்டியல் போட்டுத்தான் கும்பிடுவேன். இப்போது அப்படி இல்லை. என்ன கேட்பதென்றே தெரியாத நாள் உங்களுக்கும் வரும். வெறும் கையோடு போய் நில்லுங்கள். தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அவனுக்குத் தெரியும்.